உன் மகளின் பிஞ்சுத் தோல்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் உன்னோடு கப்பலில் இருக்கிற பிள்ளைகளும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், கடலும் உங்களிடம் கொஞ்சம் சாந்தமாக நடந்துகொண்டு, நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் எல்லாரும் நலம். இந்த முறை அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் ஒரு ஆள் கூடியிருக்கிறாள், அவளும் நலம், அவளைப் பெற்றவளும் நலம். இதை முதலிலேயே போட்டுவிடுகிறேன், ஏனென்றால் எதைப் படித்தாலும் கடைசிப் பக்கத்துக்குத் தாவி முடிவைப் பார்த்துவிட்டுத்தான் நீ முதல் பக்கத்துக்கே வருவாய். இதில் தாவாதே, நிதானமாகப் படி. போன தடவை பேசியபோது பாதியில் லைன் அறுந்துபோனது. அறுவதற்கு முன்னால் நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "போட்டோ எல்லாம் வருதுப்பா, ஆனா அவ எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியவே இல்ல" என்றாய். நியாயமான பேச்சு. போட்டோவில் மூக்கும் முழியும் தெரியும், யார் ஜாடை என்று இரண்டு வீட்டாரும் சண்டை போட்டுக்கொள்ளலாம். தொட்டால் எப்படி இருப்பாள் என்பதை எந்த போட்டோவும் சொல்லாது. அதனால் பேனாவை எடுத்தேன். உன் கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உன் கையில் சேர்த்துவிடுவார்களாம். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், டைல்ஸ் ஒட்டுகிறவன் கையில் பேனா வழுக்குகிறது, பொறுத்துக்கொள்.

அவள் தனக்குக் கொடுத்த நாளுக்கு முன்னமே புறப்பட்டு வந்துவிட்டாள் என்பது உனக்குத் தெரியும். மருமகளுக்குத் திடீரென்று பிரஷர் ஏறி, இனிமேல் காத்திருப்பது இரண்டு பேருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா ஆபரேஷன் செய்து எடுத்தார். துணியில் சுற்றி முதலில் எனக்கும் உன் அம்மாவுக்கும்தான் கதவோரமாகக் காட்டினார்கள். உடம்பெல்லாம் வெள்ளையாக, மெழுகையும் வெண்ணெயையும் குழைத்து அப்பியது மாதிரி ஒரு பூச்சு. எனக்குத் தொழில் புத்தி எங்கே போகும், டைல்ஸ் போட்டபின் சிமெண்ட் பாலைத் துடைக்காமல் விட்டால் இப்படித்தான் படிந்திருக்கும், குழந்தையைச் சரியாகத் துடைக்காமலே கொண்டுவந்துவிட்டார்களே என்று நினைத்து, "இதையெல்லாம் தொடைக்கலையா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். அங்கே தலைமை நர்ஸ் ஒருத்தி, ஆள் நல்ல உயரம், எல்லாரும் பெரிய சிஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தொடைக்கவே கூடாதுங்க ஐயா. வயித்துக்குள்ள தண்ணியிலயே கெடந்தாளே, தோல் ஊறிப்போகாம இருக்க அவளே பூசிக்கிட்டு வந்த க்ரீம் இது. நீங்க எந்தக் கடையில தேடினாலும் கெடைக்காது. விட்டுட்டா தோலே குடிச்சிடும்" என்றாள். மறுநாள் பார்க்கிறேன், அவள் சொன்ன மாதிரியே அந்த வெள்ளை போன இடம் தெரியவில்லை. வெளி உலகத்துக்கு வருவதற்கு முன்னால், வழியில் என்ன தேவைப்படும் என்று யாரோ யோசித்துப் பூசி அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா பேசினாள், எனக்கும் சேர்த்து.

அந்தப் பூச்சு உள்ளே போனபிறகுதான் தோல் தெரிந்தது. அதைத் தோல் என்று சொல்வதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வெங்காயம் உரிக்கும்போது இதழுக்கும் இதழுக்கும் நடுவே கண்ணாடி மாதிரி ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டு வருமே, அதை நினைத்துக்கொள். வயிற்றிலும் நெற்றியோரத்திலும் நீல நூல் ஓடுகிற மாதிரி நரம்பு தெரிந்தது. அழுதால் உச்சந்தலை முதல் பாதம் வரை சிவந்துபோவாள், அழுகை நின்றதும் அந்தச் சிவப்பு மேலிருந்து கீழே இறங்குவதை நாம் கண்ணால் பார்க்கலாம், தூங்கினால் வேறொரு நிறம், விழித்தால் இன்னொரு நிறம். தோளிலும் முதுகிலும் பூனை முடி. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டு வாரிசுதான், ஒரு சந்தேகமும் வேணாம்" என்று என் முதுகை எல்லார் முன்னாலும் காட்டிக்கொடுத்தாள். பிறகு அந்த முடியெல்லாம் தானாக உதிர்ந்துவிட்டது, கவலைப்படாதே.

இனி எழுதப்போவதை நீ உட்கார்ந்து படி. நாங்கள் உன்னிடம் போனில் "கொஞ்சம் சளி மாதிரி, ரெண்டு நாள் கூட வச்சிருந்து அனுப்புறாங்க" என்று சொன்னோமே, அது சளி இல்லை. கோபித்துக்கொள்ளாதே. நடுக்கடலில் இருக்கிறவனிடம் சொன்னால் நீ என்ன நீந்தியா வரப்போகிறாய். அந்தச் சூட்டில் இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவன் மனதைக் கலைக்க வேண்டாம் என்று மருமகள்தான் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னபோது அவளுக்கே நிற்கத் தெம்பில்லை. நடந்தது இதுதான். உறிஞ்சிக் குடிக்கும் பலம் வரும்வரை பால் போக மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள், அது நகராமல் இருக்கக் கன்னத்தில் ஒரு துண்டு டேப். அதைக்கூட நர்ஸுகள் எடுக்கும்போது தண்ணீர் தொட்டுத் தொட்டு ஊறவைத்து, பூவிலிருந்து பனியை எடுக்கிற மாதிரித்தான் எடுப்பார்கள். ஆனால் உன் மகளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கையை எங்கேயோ வீசினாள், விரல் குழாயில் மாட்டியது, ஒரே இழுப்பு. குழாயோடு டேப்பும் வந்தது, டேப்போடு கன்னத்துத் தோலும் கடுகளவு வந்துவிட்டது. அவ்வளவுதான், கடுகளவு. நானும் நீயும் வேலை செய்யும்போது அதைவிடப் பெரிய காயத்தை ஊதிவிட்டுப் போய்விடுவோம்.

மறுநாள் அந்தக் கடுகு மிளகானது. சுற்றிலும் சிவந்து வீங்கியது. அதற்கும் மறுநாள் அவள் பால் வேண்டாம் என்று விட்டாள். அழவும் இல்லை. அழாத குழந்தையைப் பார்த்து நிம்மதிப்படுவது எவ்வளவு பெரிய தவறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நிறம் மாறி மாறிக் காட்டிக்கொண்டிருந்தவள் ஒரே நிறத்தில், சாம்பல் பூத்த மாதிரி, அங்கங்கே வலை விரித்த மாதிரிக் கோடு கோடாகக் கிடந்தாள். பாதம் சில்லென்று இருந்தது. டாக்டரம்மா வந்து பார்த்த வேகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயசு டாக்டர்தான், ஆனால் வார்த்தையை அளந்து பேசுகிறவர். "நமக்கெல்லாம் தோல் மதில் சுவர் மாதிரி. இவளுக்கு இப்போதைக்கு அது ஜன்னல் திரை மாதிரிதான். சின்னக் கிழிசல் போதும், கிருமி உள்ள வந்துடும். வந்துடுச்சு. மருந்து ஆரம்பிச்சாச்சு. தைரியமா இருங்க, ஆனா இது லேசான விஷயம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நானும் உன் அம்மாவும் அந்தத் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். இத்தனை வருஷத்தில் உன் அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். அவளைப் பேசவைக்க நான் என்னென்னவோ கேட்டுப் பார்த்தேன், வீட்டுச் சாவி எங்கே என்று, கேஸ் அடைத்தாயா என்று. தலையை மட்டும் ஆட்டினாள்.

மருந்து வேலை செய்யத் தொடங்கியது. கன்னத்து வீக்கம் நின்றது. ஆனால் உடம்பில் சூடு நிற்கவில்லை, பெட்டிக்குள் வைத்தால் ஏறுகிறது, திறந்தால் இறங்கிவிடுகிறது, பாலும் சரியாக இறங்கவில்லை. டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு, "மருந்து அது வேலையப் பார்க்குது. இப்ப அவளுக்கு ஒரு ஆள் வேணும். தோலோட தோல் ஒட்டி, நெஞ்சுல போட்டு வச்சுக்கணும். அம்மா செய்யறதுதான் வழக்கம். ஆனா அவங்களுக்கே தையல் போட்ட இடத்துல காய்ச்சல் வந்திருக்கு, இன்னும் கொஞ்ச நாள் ஆகும். வீட்டுல வேற யாரு?" என்று கேட்டார். உன் அம்மா எழுந்தே விட்டாள், எழுந்ததும் இருமினாள். அவ்வளவுதான், பெரிய சிஸ்டர் அவளைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டாள், இருமல் போகும்வரை எட்டிப் பார்க்கவும் கூடாது என்று. மருமகளுக்குத் தாய் தகப்பன் இல்லாத குறை அன்றைக்குத்தான் தெரிந்தது, அவள் அண்ணன் இருப்பதும் உன்னை மாதிரி எங்கோ தூரத்தில். எல்லாருமாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் திரும்பி எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன்.

"கையக் காட்டுங்க ஐயா" என்று பெரிய சிஸ்டர் என் உள்ளங்கையைத் திருப்பி விரலால் ஒரு தடவு தடவினாள். "ஐயா, இது கையா, உப்புத்தாளா?" என்றாள். உனக்குத் தெரியுமே, சிமெண்ட் தின்று தின்று என் விரலில் ரேகைகூட இல்லை, இந்தப் போன்கூட என் விரலை நான் என்று நம்புவதில்லை. எனக்கு உயிரே போய்விட்டது, முடியாது என்று அனுப்பிவிடுவாளோ என்று. "கையால தொட்டாத்தானே? கை துணிக்கு மேலயே இருக்கட்டும். சட்டையக் கழட்டுங்க" என்றாள். கழற்றினேன். கையும் கழுத்தும் கரிக்கட்டையாக இருக்கும் எனக்கு, சட்டைக்குள்ளே வெயில் படாத இடம் வேறு நிறமாக இருக்கிறது, நானே அதுவரை கவனித்ததில்லை. "அடேயப்பா, உள்ள ஒரு புது ஆளு இல்ல இருக்காரு" என்று சொல்லி அங்கிருந்த நர்ஸுகள் எல்லாரையும் சிரிக்கவைத்தாள். அந்த நேரத்தில் யாராவது சிரித்ததே எனக்குப் பாதி உயிர் தந்தது. நெஞ்சைக் கழுவித் துடைத்தேன். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மத்தியான வெளிச்சம், திரை போட்டிருந்தது. பெட்டியைத் திறந்து, வயர்களைக் கையில் கோத்துக்கொண்டு, அவளை எடுத்து, குட்டித் தவளை மாதிரிக் கைகால் மடங்கியவளை என் நெஞ்சுக்கூட்டின் மேல் நிமிர்த்தி ஒட்டவைத்து, தலையை ஒருபக்கம் திருப்பி, மேலே ஒரு துணியை இழுத்துச் சுற்றிக் கட்டினாள்.

மகனே, இதை எப்படி எழுதுவது என்றுதான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். கனமே இல்லை. என்மேல் ஏதோ இருக்கிறது என்பதே முதலில் தெரியவில்லை, குளிர்ச்சியாக ஒரு ஈரத்துணி விழுந்த மாதிரி மட்டும் இருந்தது. எனக்கு விரல்தான் கண். தரையில் ஒரு தடவு தடவினால் மயிரிழை மேடு பள்ளம் சொல்லிவிடுவேன், அப்படிப்பட்டவன் விரலைத் துணிக்கு மேலே வைத்துக்கொண்டு நெஞ்சால் அவளைப் பார்த்தேன். முதலில் குளிர்ச்சி தெரிந்தது. பிறகு மெதுவாக, அவள் இதயம் தெரிந்தது, ஒரு சின்னக் குருவி என் தோலுக்கு அந்தப் பக்கம் நின்று கொத்துகிற மாதிரி. இரண்டு தோலுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. அவள் முடிகிற இடம் எது, நான் தொடங்குகிற இடம் எது என்று தெரியவில்லை. பெருமூச்சு விட்டால் விழுந்துவிடுவாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பெரிய சிஸ்டர் கண்டுபிடித்துவிட்டாள். "மூச்சு விடுங்க ஐயா, உங்க மூச்சப் பார்த்துத்தான் அவ மூச்சு விடணும்" என்றாள். விட்டேன். என் நெஞ்சு ஏறியது, அவள் ஏறினாள், இறங்கியது, இறங்கினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், அந்தக் குளிர்ச்சி காணோம். எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை. துணியின் ஓரத்தில் அவள் காது மட்டும் தெரிந்தது. சாம்பலாக இருந்த காது, விளிம்பில் முதலில் லேசாக, பிறகு மடலெல்லாம், பொழுது விடிகிற மாதிரிச் சிவந்துகொண்டு வந்தது. டாக்டரம்மா வந்து சூட்டைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு, "இதை நான் எத்தனையோ தடவ பார்த்துட்டேன். இன்னும் பழகல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தினமும் வேலைக்குப் போகிற மாதிரிப் போனேன். மேஸ்திரியிடம் நெஞ்சு வேலை இருக்கிறது, தரை வேலைக்கு இப்போது வர முடியாது என்றேன், அவர் எனக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அவரைச் சமாளித்து அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. என் நெஞ்சில் கிடந்தபடியேதான் உன் மகள் மறுபடியும் பாலுக்கு வாய் அசைத்தாள். அவள் கன்னத்துக் காயத்தை நான் மிகப் பக்கத்திலிருந்து நாளுக்கு நாள் பார்த்தேன். நான் தரை போட்டால் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போவேன், அவள் ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வந்தாள். சுற்றிலும் இருந்து நல்ல தோல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து, கடைசியில் ஒரு புள்ளி மட்டும் மிச்சம் இருந்தது, ஒரு காலையில் அதுவும் இல்லை. இணைப்பு எங்கே என்று நான் தேடினேன். இத்தனை வருஷம் தொழில் செய்தவன் தேடுகிறேன், இணைப்பு இல்லை. எந்தக் கை அதைப் போட்டது, எந்த ரசமட்டம் வைத்து மேடு பள்ளம் பார்த்தது. நான் போட்ட தரைகளை எல்லாம் நினைத்துக்கொண்டேன், வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மருமகளுக்குக் காய்ச்சல் விட்டதும் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார்கள். அதுவரை அவள் பார்த்ததெல்லாம் கண்ணாடிக்கு வெளியே இருந்துதான். என் நெஞ்சிலிருந்து எடுத்து அவள் நெஞ்சில் வைத்தபோது நான் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தேன். "அவ எவ்வளவு சூடா இருக்கா மாமா" என்று அந்தப் பெண் சொன்னாள். நீ அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உன் மனைவியை நல்ல பெண் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன், அது போதாது. அவள் வயிற்றில் வலியோடு, உடம்பில் காய்ச்சலோடு, தினமும் படுக்கையிலிருந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான், இன்றைக்கு அவள் என்ன நிறம் என்று. அவளிடம் நீ ஒருநாளும் குரலை உயர்த்தாதே.

இப்போது வீட்டில் இருக்கிறோம். வீட்டின் சட்டமெல்லாம் மாறிவிட்டது. குளியல் தினமும் கிடையாது, வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து ஒற்றி எடுப்பதுதான், தேய்ப்பது என்ற பேச்சே கூடாது. கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, இங்கெல்லாம் பால் வழிந்தும் வியர்த்தும் ஈரம் நிற்கும், அதை ஒற்றி உலரவைக்க வேண்டும், துணி நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். உன் அம்மா உன் பழைய காட்டன் சட்டைகளை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனவைகளாகப் பார்த்து வெட்டி, தையலெல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரிச் சின்னச் சட்டைகள் தைத்திருக்கிறாள். உள்ளே நூல் உறுத்தக் கூடாதாம். உன் சட்டைகள் எங்கே என்று வந்து தேடாதே. குழந்தையின் துணியைத் தனியாகத் துவைத்து, அலசி, மறுபடி அலசி, சோப்பு வாசம் போயிற்றா என்று என்னை மோந்து பார்க்கச் சொல்கிறாள், என் மூக்குக்கு இப்போது வீட்டில் நல்ல மரியாதை. எதிர்வீட்டுக்காரம்மா ஆசையாக வாசனைப் பவுடரும் எண்ணெயும் வாங்கி வந்தார். நல்ல மனசு, முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல முடியுமா. டாக்டர் இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருப்பதாகச் சொல்லி வாங்கி வைத்தோம், பவுடரை நான் பூசிக்கொள்கிறேன், பேத்திக்கு அழகு வராவிட்டாலும் எனக்கு வந்திருக்கிறது. போன வாரம் உள்ளங்காலிலும் விரலிலும் தோல் காகிதம் மாதிரி உரிய ஆரம்பித்ததும் உன் அம்மா அலறிவிட்டாள். போன் செய்து கேட்டால் பெரிய சிஸ்டர், "இழுக்காதீங்க, பிய்க்காதீங்க. பழைய சட்டையக் கழட்டறா, அடியில புதுசு போட்டுட்டுத்தான் கழட்டறா" என்றாள். அப்படித்தான் இருந்தது. உதிர்ந்த இடத்துக்கு அடியில் அவ்வளவு புதுசாக ஒரு பாதம், இதுவரை யாரும் தொடாதது, எதிலும் படாதது.

நீ வரும்போது நேராகத் தூக்க ஓடாதே. குளித்துவிட்டு வா, முழங்கை வரை கையைக் கழுவு, வாட்சையும் மோதிரத்தையும் கழற்றிவிடு, சென்ட் எதுவும் போடாதே. தாடியோடு கன்னத்தில் முத்தம் வைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே மறந்துவிடு, முத்தமே கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. ஆனால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

இன்று காலையில் அவளை முதல்முதலாக வாசலுக்குக் கொண்டுவந்தோம். இதுவரை ஆஸ்பத்திரி அறை, வண்டி, வீட்டு அறை, இவ்வளவுதான் அவள் உலகம். வெயில் ஏறாத நேரம். மருமகள் கையில் வைத்திருந்தாள், நான் பக்கத்தில் நின்றேன், உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருக்கோடியிலிருந்து காற்று ஒன்று வந்தது, பெரிய காற்று இல்லை, கொடியில் கிடந்த துணிகூடச் சரியாக அசையவில்லை. அது அவள் கன்னத்தைத் தொட்டது. அவள் தூக்கத்திலிருந்து கண்ணைத் திறந்தாள். யாரோ தொட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பக்கமாக மெதுவாகத் தலையைத் திருப்பி, வாயைத் திறந்து, காற்றிடம் பால் கேட்டாள். காற்று நின்றது. அவள் வாயைத் திறந்தபடியே காத்துக்கொண்டிருந்தாள்.

நீ போகிற கடலெல்லாம் உனக்கு வழி விடட்டும், நோய்நொடி உன்னை அண்டாமல் இருக்கட்டும், மூன்று பேருமாக நீண்ட காலம் ஒரே கூரையின் கீழ் இருங்கள். வேளைக்குச் சாப்பிடு, இஞ்சின் ரூமில் காதடைப்பான் இல்லாமல் நிற்காதே, அவள் அழுகிற சத்தத்தை நீ நன்றாகக் கேட்க வேண்டும்.

உன்னை எதிர்பார்த்து நிற்கிற,
அப்பா